ஏழாம் மாடித் தேனீ

புகார் கொடுத்தவன் நான்தான்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
பிறகு தக்காளியைப் பற்றிப் பேசலாம்.

மூர்மன்ஸ்கில் டிசம்பர் பிறந்தால்
சூரியன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும்.
மதியம் பன்னிரண்டுக்கு
வானம் கொஞ்சம் நீலம் பூசிப் பார்க்கும்,
சரிவரவில்லை என்று அழித்துவிடும்.
மீன் உறைபதன ஆலையில் இரவுப் பணி முடித்து
இருட்டிலிருந்து இருட்டுக்கு வீடு திரும்புகிறவன் நான்.
எதிர்க் கட்டடத்து ஏழாம் மாடியில்
விடிய விடிய ஓர் ஊதா வெளிச்சம்.
டிவி இல்லை. பண்டிகை விளக்கும் இல்லை.
அடிபட்ட இடம் கன்றிப்போன நிறம்.

தேநீர் ஆறும்வரை நின்று பார்ப்பேன்.
திரையில் இலைகளின் நிழல்,
விரல் விரலாகப் பிரிந்த இலைகள்.
எனக்குத் தெரிந்த தாவரவியல் அவ்வளவுதான்.
தொலைபேசியை எடுத்தேன்.

சார்ஜென்ட் லியாபினும் ஒரு மெலிந்த பையனும் போனார்களாம்.
ரொட்டிக் கடை வரிசையில் கேட்ட கதை இது.
கதவைத் திறந்தவள் ருஃபினா அர்க்காதியெவ்னா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
கப்பல் கப்பலாக நிலக்கரியை அள்ளிப்போடும் கையில்
ஒரு மின் பல்துலக்கி உறுமிக்கொண்டிருக்க
பையன் இரண்டு படி இறங்கி நின்றானாம்.

உள்ளே இருந்தவை:
பழைய பெயிண்ட் வாளிகளில் மூன்று தக்காளி.
தயிர்க் கோப்பைகளில் கொத்தமல்லி, சதகுப்பைக் கீரை.
ஜாம் பாட்டிலின் வாயில் உட்கார்ந்து
வேர்விட்டுக்கொண்டிருந்த ஒரு வெங்காயம்.

"இந்தப் பனியில் தேனீ எங்கே வரும்?
ரீங்காரத்தையும் நானே போட வேண்டியிருக்கிறது"
என்று துலக்கியைப் பூக்காம்பில் தொட்டாளாம்.
மஞ்சள் மாவு ஒரு சிட்டிகை உதிர்ந்ததாம்.
சார்ஜென்ட் குறிப்பேட்டில் எழுதினாராம்:
தாவரம். உண்ணத்தக்கது.
கைநிறையச் சதகுப்பையோடு இறங்கினார்கள்.
ரோந்து வண்டி இரண்டு நாள்
உருளைக்கிழங்கு சூப் மாதிரி மணந்ததாம்.

முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு.
நான் ஒரேயொரு தொலைபேசி அழைப்பை
எங்கே மறைப்பதென்று தெரியாமல்
ரொட்டிக் கடையையே மாற்றிக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, கதவு தட்டப்பட்டது.
தொப்பியில் பனி. ஒரு கையில் சாவி, மறு கையில் துலக்கி.
"முழங்காலில் அறுவை, எட்டு நாள் ஆகும்.
காலையில் பூவுக்கு மூன்று நொடி.
தண்ணீர் அளவாக.
செடியோடு பேச வேண்டியதில்லை, அதெல்லாம் கதை."
நான் எதற்கு என்றேன்.
"இந்த முற்றத்தில் உங்களைப்போல
என் செடிகளை உன்னிப்பாகப் பார்த்தவர்
வேறு யார் இருக்கிறார்?"
கோபமா என்று முகத்தைத் தேடினேன்.
மூக்கு சிவந்திருந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

முதல் நாளே ஒரு பூவை ஒடித்துவிட்டேன்.
தடயத்தை மறைக்கிறவன்போலக்
காகிதத்தில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
மூன்றாம் நாள் கை பழகியது.
பேச வேண்டாம் என்றிருந்தாள்;
ஐந்தாம் நாள் கொஞ்சம் பேசினேன்.
ஆலையைப் பற்றித்தான்.

எட்டாம் நாள், ஒரு பூவின் இதழ்கள் சுருங்கித் தொங்க
அதன் கழுத்தில் மிளகளவு பச்சை.
மிளகுகூட இல்லை, கடுகு.
நானும் ஒரு சின்ன மோட்டாரும் சேர்ந்து செய்தது.
விரலை முகர்ந்தேன்.
பழ வாசனை இல்லை அது,
பச்சையும் பித்தளையும் கலந்த இலை வாசனை.
பதினெட்டு வருஷத்து மீன் வாடையை
எழுப்பி நிற்கவைத்துவிட்டு
அதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மணி பன்னிரண்டு.
வானம் நீலம் பூசிப் பார்த்தது.
இன்று உடனே அழிக்கவில்லை.

எதிரே என் கட்டடம், விளக்கில்லாத என் ஜன்னல்.
அதற்கு மேல்மாடியில் ஒரு திரை விலகியிருந்தது.
யாரோ தேநீர்க் கோப்பையோடு நின்று
ஊதா வெளிச்சத்தில் உறுமும் கருவியோடு நிற்கிற என்னைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
கையசைத்தேன்.
திரை சட்டென்று மூடிக்கொண்டது.

இனி இரண்டு பேர் வருவார்கள்.
சதகுப்பை போதுமா என்று
கோப்பைகளை எண்ணத் தொடங்கினேன்.