பதினோரு அடி

லுப்லினின் கடைசி ட்ராலிபஸ்ஸைப்
பணிமனையில் விட்டுவிட்டு
விரல்களில் ஸ்டீயரிங்கின் நடுக்கம் அடங்காமல்
நான் வீடு திரும்பும் நேரத்தில்
அது இருக்கும்.
இருக்கும் என்றால்
நிலவறை ஜன்னலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே
இருட்டில் ஓரிடம் மட்டும்
இன்னும் கொஞ்சம் இருண்டு கிடக்கும்.

பதினோரு அடி.
அதற்கு மேல் ஓரடி வைத்தால்
அங்கே எதுவும் இல்லை.

நவம்பரில் குடியிருப்புச் சங்கம்
நிலவறை ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தது.
வெப்பம் வீணாகிறதாம்.
மூன்றாம் மாடி ஸெனோன் விர்ஸ்பா
கூடவே நின்று
ஆணிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தார்.
நான் வாய் திறக்கவில்லை.
சண்டைக்காரி என்று பெயர் வாங்கினால்
அடுத்துத் தட்டைத்தான் தூக்கி எறிவார்கள்.

மீன்கடை ஹால்ஷ்கா தெர்மோகோல் பெட்டி ஒன்று தந்தாள்.
எத்தனை கழுவியும் ஸால்மன் வாடை போகவில்லை,
போகாதவரை நல்லது.
பக்கவாட்டில் ஒரு துளை,
தலை நுழைந்தால் உடல் நுழையும் அளவுக்கு.
"கம்பளி வைக்காதே,
ஈரத்தைக் குடித்துப் பலகையாகிவிடும்.
வைக்கோல் வை."
பஸ் ஓட்டுகிறவள் வைக்கோலுக்கு எங்கே போவேன்?
முயல் வளர்ப்பவர்களுக்கென்று
பொட்டலத்தில் விற்கிறார்கள்,
ஒரு கிலோ, என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு.

தண்ணீர்தான் பெரிய பாடு.
வெந்நீரை ஊற்றிவிட்டு மாடியேறிக்
காலணியைக் கழற்றுவதற்குள்
கிண்ணத்தில் கண்ணாடி.

ஜனவரியில் கூண்டு வைத்தேன்.
முதல் இரவு யாரும் வரவில்லை.
இரண்டாம் இரவு
தக்காளிச் சாற்று அயிலை காலி,
கதவு மூடியிருந்தது,
உள்ளே காற்று.
மூன்றாம் இரவு கார் கொட்டகைக்குப் பின்னால்
மூன்று சால்வைக்குள் குந்தியிருந்தபோது
இரும்பு விழுந்த ஓசை.
பிறகு ஒரு சத்தம் –
பூனையின் குரல் என்று சொல்லமாட்டேன்.
பெரிய துண்டால் கூண்டை மூடினேன்.
சட்டென்று அமைதி.
அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

மருத்துவமனையில் படிவம்.
"பெயர்?"
இல்லை என்றேன்.
"கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் விடாது."
பதினொன்று, என்றேன்.
அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
அடித்துக்கொண்டாள்.

தையல் முடிந்து,
இடது காதின் நுனி வெட்டப்பட்டு,
நாக்கு ஓரத்தில் சரிந்து கிடந்தது.
"வேண்டுமானால் தொடலாம்" என்றார் டாக்டர்.
தொட்டேன்.
கழுத்தில் முடி நான் நினைத்ததைவிட முரடு,
வயிற்றருகே நினைத்ததைவிட மெது.
விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டன.
ஒரு நிமிடம் இருக்கும்.
யாருமில்லாத வீட்டில் நுழைந்து
அலமாரியைத் திறந்தவள்போல்
கையை எடுத்துக்கொண்டேன்.

என் வண்டி, மேலே இரு கம்பிகளைத்
தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் ஓடும்.
கழி நழுவினால்
நடுரோட்டில் நின்றுவிடும்.
இதற்கு அப்படி இல்லை.

ஓரிரவு குளியலறையில், கூண்டோடு.
மறுநாள் கதவைத் திறந்தேன்.
பனியில் ஒரு கோடு மட்டும் ஓடியது.

ஒன்பது நாள் வரவில்லை.
மைனஸ் பதினெட்டு.
பெட்டிக்குள் வைக்கோல்
நான் பரப்பியபடியே கிடந்தது.
பத்தாம் நாள் பார்த்தேன்:
ஜன்னல் தகரத்தின் ஒரு மூலை
வெளிப்பக்கமாக மடிந்திருக்கிறது,
இரண்டு ஆணிகள் இல்லை.
ஆணிகளை எண்ணுகிற மனிதர்
தினமும் அந்த வழியாகத்தான்
ரொட்டி வாங்கப் போகிறார்.
படிக்கட்டில் எதிர்ப்பட்டோம்.
குளிர் என்றார்.
ஆமாம் என்றேன்.

இப்போது பதினான்கு அடி.
அதற்குக் காரணம் இருக்கிறது,
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
படிவத்தில்தான் இன்னும் பதினொன்று.
தட்டை வைத்துவிட்டு
முதுகைக் காட்டி நிற்கிறேன்,
முகம் பார்த்தால் வராது.
பின்னால்
அலுமினியத்தில் நாக்கு உரசுகிறது.
திரும்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
பாதம் மரத்துப்போகும்வரை.