மூணாறு தலைப்பு, காலை ஆறு மணி

இருபத்திரண்டு வருஷம்
நீடாமங்கலம் செக்‌ஷன் ஆபீசில்
நீர்மட்டப் பதிவேடு எழுதியவள் நான்.
காலை ஆறு, மாலை ஆறு.
வெண்ணாறு இத்தனை அடி, கோரையாறு இத்தனை,
பாமணியாறு இத்தனை.
இடது மார்பு, மூன்று சென்டிமீட்டர் என்று
வேறொருவர் எழுதியபோது
கை எழுத்துத் தெளிவாக இருக்கிறதா
என்றுதான் முதலில் பார்த்தேன்.

தஞ்சாவூர். மூன்றாவது மாடி, ஜன்னலோரப் படுக்கை.
சிவப்பு மருந்து சொட்டுகிறது.
ஆடியில் முதல் தண்ணீர் இப்படித்தான் நிறம் மாறி வரும்,
செத்தையும் ஒற்றைச் செருப்பும் சுமந்துகொண்டு.
"யூரினும் சிவப்பாப் போகும், பயந்துடாதீங்க"
என்றாள் நர்ஸ்.
கலங்கல் எனக்குப் பழக்கம்.

டாக்டர் மெஹருன்னிசா கூத்தாநல்லூர்க்காரர்.
கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் போய்விடுவார்.
இது எப்படிக் கொல்கிறது என்று கேட்டேன்.
கேஸ் ஷீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.
"பல வழி. அதில் ஒண்ணு எரிச்சு.
நாம இழுக்கிற அதே ஆக்சிஜன்தான்.
ஒரு எலக்ட்ரான் கூடிப்போனா வெறி பிடிச்சு
எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும்."

அப்புறம் ஏன் அது சாகவில்லை?

வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.
"இந்தச் செல் பொறந்ததிலிருந்தே புகையிலதான் இருக்கு.
ஓயாம பெருகுற வீடு, அடுப்பு அணையாது.
அதனால தண்ணி வாளியும் கையெட்டுற தூரத்துல."

பெயரும் சொன்னார், நர்ஃப் டூ.
சாதாரண நாளில் கீப் ஒன் என்றொருவன் அதைப் பிடித்துப்
பிறந்த நாழிகையிலேயே கழிவுக்கு அனுப்பிவிடுவான்.
அவன் கந்தக விரல்களைத் தீ சுட்டால்
பிடி தளரும்.
நர்ஃப் கருவுக்குள் ஓடும்,
மூடிய ஏடுகளைத் திறக்கும்,
குளூட்டதயோன் குடம் குடமாய் இறங்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இது எங்கள் லஸ்கர் உத்திராபதி அல்லவா!
ஒரு கார்த்திகை இரவு
போன் செத்து, மேலிடத்து உத்தரவு வராமல்,
தொட்டுப் பார்த்த ஷட்டர் நடுங்கியதை மட்டும் நம்பிக்
கோரையாற்றில் நாலு கண்ணைத் தூக்கிவிட்டவர்.
கரை நின்றது.
அவருக்கு மெமோ வந்தது,
அதை டைப் அடித்தவள் நான்.

அதே உத்திராபதி இப்போது
என் மார்புக்குள்
தப்பான ஊருக்கு வேலை பார்க்கிறார்.
"கெட்ட செல்லுக்குன்னு தனி வித்தை கிடையாதும்மா,
உங்க ஈரலும் இதைத்தான் செய்யுது"
என்று பேனாவை மூடினார் டாக்டர்.

வலங்கைமானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள்
நாத்தனார் கமலவேணி.
தூக்கில் நெல்லிக்காய்ச் சாறு,
பையில் யூடியூப் சொன்ன மாத்திரை டப்பா.
ஆன்ட்டி ஆக்சிடன்ட், அண்ணி,
என்று முட்டையை இறக்கிவைப்பதுபோல் சொன்னாள்.
டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"மருந்து ஏறுற மாசத்துல இது வேண்டாம்.
யாரோட தீயை அணைக்கும்னு
எனக்கே நிச்சயமாத் தெரியாது."
நெல்லிக்காய்?
"சோத்துக்கு ஊறுகாய் தொட்டுக்குங்க, போதும்."

கமலவேணி முகம் செத்துவிட்டது.
நீ குடி என்றேன்.
வெயிலில் வந்தவள் ஒரே மூச்சில் குடித்தாள்,
புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.
அவளுக்குள் எது எதை அணைத்ததோ.

நான்காவது தவணை. இரண்டு புள்ளி நான்கு.
டைரியில் கோடு கிழித்து நானே எழுதிவைக்கிறேன்.
தேதி, அளவு, வரத்து.
பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குக்
குறிப்பு என்று தலைப்பு இருக்கும்.
இருபத்திரண்டு வருஷத்தில் அதை நான் நிரப்பியதில்லை,
அந்தக் கார்த்திகை இரவுக்குக்கூட.

இன்று எழுதினேன்:
ஷட்டர் நடுங்குகிறது.
எந்தப் பக்கத்து ஷட்டர் என்று
எழுதவில்லை.