உப்பு கம்மி

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்:
பிலோமினா என்னைவிட நன்றாகச் சமைப்பார்.
ஈஸ்டர் அன்று ஒரு கிண்ணத்தில்
சங்கரா மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்.
ஒரு வாய் வைத்ததும் கூசிப்போனேன்.
இந்தக் கைக்கா எட்டு மாதமாக
கேரியரில் சாம்பார் விற்கிறேன்?

அன்றிரவு தூக்கமில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
வரிசையில் உறுமி உறுமி ஓய்ந்தன.
துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம்
சரக்கு எண்ணியவன் நான்.
ஸ்கேனர் வந்தது. எண்ண ஆள் வேண்டாமென்றார்கள்.
எண்ணத் தெரிந்தவனுக்கு இரக்கத்தையும் எண்ண வரும்:
நாளுக்கு எண்பது, இருபத்தாறு நாள்,
இரண்டாயிரத்து எண்பது.

மறுநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.
"தர்மத்துக்குத்தான் வாங்குறீங்களா?"

டோல்கேட் பக்கத்து ஒற்றை அறைக் கடையில்
மிஷின் நின்றது.
அவர் சிரிக்கவில்லை.
வெட்டும் பலகைமேல் நீலச் சாக்கட்டியால் எழுதினார்.

"எனக்குச் சமைக்க ஒரு மணி நேரம். உங்களுக்கு ரெண்டு.
எனக்கு ஒரு பிளவுஸ் மூணு மணி நேரம்.
உங்களுக்கு?"

பொத்தான் ஒன்று தைக்கவே
எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.
"மூணு நாள். அதுவும்
ரெண்டு கையும் ஒரே பக்கம் வரும்."

"பார்த்தீங்களா? நான் அடுப்புகிட்ட நின்னா
பிளவுஸ்ல மூணுல ஒரு பங்கு போச்சு, நூத்தம்பது ரூபா.
நீங்க நின்னா என்ன போகுது?
ரெண்டுலயும் நான்தான் கெட்டிக்காரி, சரி.
கெட்டிக்காரிக்கும் பகல் ஒண்ணுதானே?"

மிஷின் மறுபடி ஓடியது.

வீட்டுக்கு வந்து துவரம்பருப்பைக் களைந்தேன்.
பெய்ரா என்று அச்சடித்த சாக்குகள்
ஆயிரக்கணக்கில் என் கண்முன்னால் இறங்கியிருக்கின்றன.
நம் மண்ணில் விளையாத பருப்பா? விளையும்.
அந்த வயலில் இப்போது வேறு ஏதோ நிற்கிறது,
அதற்கு எங்கோ ஓர் உலை காத்திருக்கிறது.
மொசாம்பிக்கில் அவன்
என் சாம்பாரை நினைத்து விதைக்கவில்லை.
பிள்ளைக்குச் செருப்பு, கூரைக்குத் தகரம்.
அந்தத் தகரம் எங்கள் பெர்த்திலிருந்தே ஏறியிருக்கும்,
நானே எண்ணியிருப்பேன்.
ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை,
பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

நல்ல சொல் அது, பரிமாறு.
இலையில் சோறிடுவதும் அதுதான்,
கைக்குக் கை மாற்றிக்கொள்வதும் அதுதான்.

ஆனாலும் அந்தப் பலகையில்
உமையாளுக்கு இடமில்லாமல் போனது.
மூன்றாவது குறுக்குத் தெருவில்
குழந்தைகள் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள்.
சூரத்திலிருந்து பேல் பேலாக ரெடிமேட் இறங்கியது.
தெருவுக்கே கவுன் மலிவு.
ஒன்று வாங்குகிற வீட்டில் மூன்று வாங்கினார்கள்,
வாண்டுகள் எல்லாம் பளபளவென்று திரிந்தன.
உமையாள் மிஷினுக்குமேல் பழைய போர்வை.

எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தால் லாபம்.
பொய்யில்லை.
அந்தச் 'சேர்த்து'க்கு உள்ளேதான் அவள்
இரண்டு மாதம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.
அந்த இரண்டு மாதமும் ஒரு கேரியர் அங்கே போனது.
என் நோட்டில் அதற்குக் கோடு கிடையாது,
எந்தக் கோட்டில் எழுதுவதென்றும் தெரியவில்லை.

இப்போது பிலோமினாவிடம் ஊக்கும் ஹெம்மிங்கும்
அவள்தான்.
ஒரு பிளவுஸ் இரண்டே மணி நேரத்தில் இறங்குகிறது.
என் கேரியரில் ஒரு அடுக்கு கூடியிருக்கிறது.

மணி ஒன்று. வெயிலில் நடக்கிறேன்.
கிழிந்த காலரைத் திருப்பிப் போட்டுத்
தைத்துக் கொடுத்திருக்கிறார், முப்பது ரூபாய்,
பைசா குறைக்கவில்லை.
மூடியைத் திறந்து, ஒரு கரண்டி ஊற்றி,
நாக்கில் வைத்து, முகம் சுளித்து,
"உப்பு கம்மி" என்கிறார்.

அப்பாடா என்றிருக்கிறது எனக்கு.
தர்மத்துக்கு வாங்குகிறவர்கள்
உப்பைப் பற்றிப் பேசுவதில்லை.