ஏழு நொடி

பெட்டியை வாங்கி வந்தவன் அபிஷன்.
புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில்
பதினெட்டாயிரம் சொன்னதைப்
பதினைந்துக்குக் கேட்டு, பதினாறுக்கு முடித்தவன்.
ரியூசன் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து
கிரிக்கெட் பார்ப்பதற்கு.
எங்களுக்குச் சொன்ன காரணம் வேறு:
"அம்மா, நைட் டியூட்டியில் நீங்கள் நியூஸ் பார்க்கலாம்."

சாமான் சின்னது, சவர்க்காரக் கட்டி அளவு.
வீட்டு ரீவியில் எது ஓடுகிறதோ
அது என் போனிலும் ஓடும்.
போனில் நான் சனலை மாற்றினால்
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில்,
எங்கள் முன்னறையில் சனல் மாறும்.
ஒரு ரீவி. ஒரு நேரத்தில் ஒரு சனல்.
பிடித்து இழுக்க மூன்று பேர்.

முதல் கிழமை முழுக்கச் சண்டை.
சீரியலில் மருமகள் வாய் திறந்த நேரம்
விக்கெட் விழுந்தது.
"ஆரடா அது!" என்று சுதர்மன் போட்ட சத்தம்
ரியூசன் வகுப்புக்குக் கேட்டிருக்காது.

பிறகு பரீட்சை வந்தது. மகனுக்கு மறந்துபோனது.
எனக்கு மறக்கவில்லை.

நாரஹேன்பிட்டி. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். ஆய்வுகூடம்.
இரவு ஒன்றரை.
இரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்துக்குப்
பத்து நிமிடம் வேண்டும்.
அந்தப் பத்தும் என்னுடையவை.

போனைத் திறந்தேன். வீடு வந்தது.
வீடு என்றால், சுவர் இல்லை, கதிரை இல்லை,
ஆட்களும் இல்லை.
அவர்கள் பார்ப்பது தெரியும்,
அவர்களைத் தெரியாது.

பத்து மணிக்கே படுத்துவிடுகிறவர் சுதர்மன்.
"கட்டை மாதிரிக் கிடந்தன்" என்பார்
காலையில் பாண் வெட்டிக்கொண்டு.

ஒன்றரைக்குத் திரையில்
ஒருவர் சிங்களத்தில் பிஞ்சுப் பலாக்காய் சமைக்கிறார்.
மாறியது. நகைக்கடை.
மாறியது. ஆரோ அழுகிறார்கள்.
மாறியது. நகைக்கடை, இன்னொன்று.
மாறியது. யானைகள் ஆறு கடக்கின்றன.
எதிலும் நாலு நொடி தரிக்கவில்லை.
அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவனின்
காலடி மாதிரி இருந்தது.

கப்பல் கம்பனி ஆட்களைக் குறைக்கிறதென்று
மார்ச்சில் ஒரு நாள் சொன்னார்.
பிறகு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
சேர்ட் மட்டும் தினமும் அயர்ன் ஆகிறது.

போன் எடுக்கலாம்.
எடுத்தால் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு
"நித்திரையிலை இருந்தன்" என்பார்.
அதைக் கேட்க ஏலாமல்
மேல் அம்புக்குறியை அமர்த்தினேன்.

அங்கே நடப்பது இங்கே வர ஏழு நொடி.
நான் பார்க்கும் வீடு எப்போதும் ஏழு நொடி பழையது.
அதில் எனக்குப் புதினம் இல்லை.
என் மேசைக்கு வரும் இரத்தம்
ஒரு மணித்தியாலம் பழையது,
அதை வைத்துத்தான்
ஆளுக்கு இப்போது எப்படி என்று எழுதிக் கொடுக்கிறேன்.

யானைகள் போயின.
நாற்பத்தொன்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.
கையில் கடிதத்தோடு ஒருத்தி மாடிப்படியில்.

பெட்டி பழுதோ,
மகன் எழும்பிவிட்டானோ என்று யோசித்திருப்பார்.
நாற்பது. யானைகள்.
நான் நாற்பத்தொன்று.
அவர் நாற்பது.
நான் நாற்பத்தொன்று.
இயந்திரம் நின்று கூவியது. நான் எழும்பவில்லை.

ஏழு.
பதினாலு.
இருபத்தொன்று.

அவள் படியிறங்கினாள்.
திரையின் அடியில் பச்சைக் கோடொன்று தோன்றி
குறைந்து, குறைந்து, மறைந்தது.
சத்தத்தைக் குறைக்கிறார்,
மகன் நித்திரை.

அவசரப் பிரிவிலிருந்து மணி அடித்தார்கள்.
முடிவு பார்க்கக் கிடைக்கவில்லை.

ஏழரைக்கு வீடு. பாண், கத்தி, சுதர்மன்.
"நல்ல நித்திரையோ?"
"கட்டை மாதிரி."
"அந்தப் பொம்பிளை கடைசியில்
கடிதத்தைக் குடுத்தாளோ?"

கத்தி பாணின் நடுவில் நின்றது.
எவ்வளவு நேரமென்று நான் எண்ணவில்லை.

"இல்லை. கிழிச்சுப்போட்டாள்" என்றார்.
பிறகு, "இரும். தேத்தண்ணி போடுறன்."

கதவின் பின்னால் ஆணியில்
நேற்று அயர்ன் பண்ணின சேர்ட்
அப்படியே தொங்கியது.