டிக்கி மூடவில்லை

சனி இரவு, முசஃபா, அறை பதினேழு.
பெயின்ட் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் இருளப்பனின் லேப்டாப்.
எட்டுக் கட்டில், பதினோரு தலை.

ரத்தப் படம் பார்த்தா தூக்கம் வருமா
என்று போனில் கேட்பாள் மனைவி.
குடும்பப் படம் பார்த்தால்தான் வருவதில்லை.

கொன்றாகிவிட்டது.
டிக்கி மூடவில்லை,
ஒரு கால் வெளியே நிற்கிறது, செருப்போடு.
அதைக் கழற்றினா மூடும் என்கிறான் ஒருவன்.
புதுசுடா, எனக்குப் பத்துமா பாரு
என்கிறான் மற்றவன்.
பிறகு பரோட்டாக் கடை.
சால்னா போதாதென்று ஒரு குத்து.
மேல்கட்டிலிலிருந்து விழப்போனான் தங்கமாரி.

ஜெய்லானி பிந்தித்தான் சிரிக்க ஆரம்பித்தான்,
நிறுத்தத்தான் முடியவில்லை.
ஏர்போர்ட் கார்கோவில் வேலை அவனுக்கு.
பெட்டிகளை எடை போடுவான்,
மேலே ஒட்டிய பெயரைச் சரிபார்ப்பான்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"பத்தே நிமிஷம்டா!
ஒரு மண்வெட்டி, ஒரு குழி, முடிஞ்சுது.
போலீஸ் லெட்டர் இல்ல, எம்பசி சீல் இல்ல,
கம்பெனி கையெழுத்துக்காக
நாலு நாள் ஐஸ்ல கிடக்கல.
குடுத்து வச்ச பொணம்."

ஏசி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
அப்புறம் வெடித்தோம் பாருங்கள்,
பக்கத்து அறைப் பட்டாண்கள் சுவரைத் தட்டினார்கள்.
கால் நீட்டி நிற்கும் இடத்துக்கே
படத்தைப் பின்னால் தள்ளச் சொன்னோம்,
இரண்டு தடவை.

ஒன்றுக்குப் போக எழுந்தபோது மணி மூன்று.
வாசலில் பதினோரு ஜோடி.
ஜெய்லானியுடையது புதுசு.
யாரும் பார்க்கவில்லை,
நுழைத்துப் பார்த்தேன்.

கொஞ்சம் பெரிது.