பெற்றுக்கொண்டவர் விவரம்

விண்ணப்பத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.
சுனில்தாவின் வீட்டில் கணினி இல்லை,
என் வீட்டில் தூக்கம் இல்லை.
சால்மன் ஆலையில் இரவு முறை முடித்து
கையுறை கழற்றிய விரல்கள் இன்னும் ஊறிக்கிடக்க,
காலை ஏழு மணிக்கு
'கடலும் கரையும்: காட்சிக் கலைஞர்களுக்கான நல்கை'
என்ற பக்கத்தைத் திறந்தேன்.

காஸ்த்ரோவில் எங்கள் வீடுகள் மரக்கால்களில் நிற்பவை.
இப்போது அடியில் படகு மிதக்கும்.
ஆறு மணி நேரம் போனால் அதே இடத்தில்
நாய் ஒன்று எலும்பு புதைக்கும்.
ஓதம் இப்படி ஏறி இறங்கும் ஊரில்
'திட்டம் நடைபெறும் நிலம்' எது என்று கேட்டிருந்தார்கள்.
"எத்தனை மணிக்கு?" என்றாள் சுனில்தா.
நான் தெருப் பெயரை எழுதினேன்.

அவள் நினைத்தது இவ்வளவுதான்:
ஏழு வெள்ளைப் பருத்தித் துணி.
மூலைக்கு ஒரு கல் கட்டி
எதிர்க்கால்வாயில், மீன் கூண்டுகளின் கீழே
கடலடியில் விரிப்பது.
ஒரு வெள்ளுவா தொடங்கி அடுத்த வெள்ளுவா வரை.
பிறகு எடுத்துக் காயப்போடுவது.
"சரி, வரையப்போவது யார்?"
"நான் இல்லை."
அந்தக் கட்டத்தில் ஐந்நூறு சொல் வேண்டுமாம்.
மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றெட்டை
நான் இட்டுக்கட்டினேன்.

அரசு நிதி இரண்டு வருடம் இல்லை என்றது,
இரண்டாவது முறை மரியாதையாக.
இன்னும் ஒன்று உண்டு, என் ஆலையின் அறக்கட்டளை.
தயங்கித்தான் சொன்னேன்.
சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.
"எவ்வளவு?"
"நாற்பத்திரண்டு லட்சம் பெசோ."
"கேட்டுப் பார்."

கொடுத்தார்கள்.
ஒவ்வொரு துணியின் வலது மூலையிலும்
உள்ளங்கை அளவில் அவர்கள் சின்னம் இருக்க வேண்டும்:
நீல மீன், சிரிக்கும்.
ஏழு சிரிப்பையும் நானே தைத்தேன்.

முழுகி இறக்கியது ரோசமெல்.
முழுகி முழுகி இடது தோள் செத்துப்போனவன்,
வலக்கையால் மட்டும் முடிச்சுப் போடுவான்.
மேலே வந்து முகமூடியைக் கழற்றி
கொஞ்ச நேரம் படகு விளிம்பையே பார்த்தான்.
கேட்டதற்கு,
"கல்லே தேவையில்லை, தானே ஒட்டிக்கொள்கிறது" என்றான்.

ஒரு மாதம்.
இரவெல்லாம் என் கை வழியே மீன் போயிற்று,
ஆரஞ்சு நிறம், எலும்பு நீக்கியது,
எந்த நாட்டுத் தட்டுக்கோ.

மேலே வந்த முதல் துணி சாம்பல்.
இரண்டாவதும்.
மூன்றாவதில் ஒரு நண்டு நடந்த தடம்
மூலையிலிருந்து புறப்பட்டு
நடுவில் நின்றுபோயிருந்தது. திரும்பிய தடம் இல்லை.
நான்காவதில் தீவனத் துகள்,
கல்யாணத்தில் எறிந்த அரிசி மாதிரி.
ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல மாட்டேன், நாற்றம் மட்டும் நினைவு.
ஆறாவதில் சாம்பலுக்கு மேலே
நீல மீன் மட்டும் கெடாமல் சிரித்தது,
நல்ல நூல், நான் வாங்கியது.
ஏழாவது திரும்பவில்லை.

கண்காட்சிக்குப் புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து
அறக்கட்டளை அதிகாரி வந்தார்.
நண்டின் முன் நெடுநேரம் நின்றார்.
"இந்தச் சாம்பலில் எவ்வளவு அமைதி!
எந்தச் சாயம் இது?"
"உங்கள் தீவனம்" என்றாள்.
அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.
பழரசம் நன்றாக இருந்தது.

கடைசியாகக் கணக்கு.
கயிறு, கல், படகு வாடகை, ரோசமெல்லின் கூலி,
எல்லாவற்றுக்கும் ரசீது ஒட்டினேன்.
'கைமாறிய பொருள்கள்' என்ற பத்தியில்
சுனில்தா சொல்லச் சொல்ல எழுதினேன்:
பருத்தித் துணி, ஒன்று. நாலாயிரம் பெசோ.
பெற்றுக்கொண்டவர்: கடல்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது.
'பெற்றுக்கொண்டவரின் வரி எண் விடுபட்டுள்ளது.'

சுனில்தா தூங்கிவிட்டாள்.
அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
என் சம்பளச் சீட்டை எடுத்தேன்,
தலைப்பில், நீல மீனுக்குக் கீழே
ஆலையின் எண் அச்சாகியிருந்தது.
அதைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அடித்தேன்.

மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.