ஏட்டு, இருபது கிலோ

தேங்காய் லாரி ரிவர்ஸில் வந்தது.
வரட்டும், வரட்டும் என்று
கை காட்டியது நான்.
ஓல்டான் என்று கத்த
ஒரு நொடி பிந்தியதும் நான்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் இதெல்லாம் இல்லை.
வாகன விபத்து, இடது பின்னங்கால்,
ஆண், வயது பன்னிரண்டு.
அவ்வளவுதான்.

இந்த வயதில் தாங்குவானா என்று கேட்டேன்.
டாக்டர் ரெம்யா கையுறையை உரித்துக்கொண்டே
மலையாளத்தில் சொன்னதில் பாதி புரிந்தது.
மனசு தாங்கும். மிச்ச மூட்டுகள்தான் கிழடு.
எடை மட்டும் ஏறக் கூடாது, கேட்டோ.
பதினாறு வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்திருப்பவளிடம்
எடையைப் பற்றிச் சொன்னாள்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு
நூறடி இந்தப் பக்கம் எங்கள் மேடை.
ஏட்டு என்று பெயர் வைத்தது டிரைவர்கள்.
எந்த வண்டியையும் முகராமல் விட்டதில்லை,
மாமூல் வாங்காமலும் விட்டதில்லை.
அந்தப் பக்கத்து வண்டி என்றால் பழம்பொரி,
பொள்ளாச்சி வண்டி என்றால் வர்க்கி.

நாலாம் நாள் கூட்டி வந்தேன்.
ஆபீஸ் தரை டைல்ஸ்.
எழுந்தான். வழுக்கினான்.
தரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.
ஆறுச்சாமி ஒன்றும் பேசாமல் போய்
கயிற்று மிதியடி நாலும் கோணிச்சாக்கும் கொண்டுவந்து
கதவிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை
ஒரு ரோடு போட்டான்.
சட்டிக்கு அடியில் இரண்டு செங்கல்,
குனிய வேண்டாமே என்று.

வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து
இரு முனையும் பிடித்துக்கொண்டு
மூத்திரம் போக நடத்துவேன்.
முதல் தடவை நின்றான், நின்றான்,
நின்றுகொண்டே இருந்தான்.
பின்னால் ஏழு லாரி ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.

ராத்திரி, இல்லாத கால் வலிக்கும் அவனுக்கு.
தூக்கத்திலிருந்து வெடுக்கென்று திரும்பி
அந்த இடத்தைத் தேடுவான்.
நக்குவதற்கு ஒன்றும் இல்லாமல்
சாக்கை நக்குவான்.
மாத்திரையை இட்லிக்குள் வைத்தேன்;
இட்லி போனது, மாத்திரை வெளியே வந்தது.
மத்தி மீனுக்குள் வைத்தேன்.
இரண்டும் போயின.

ஏட்டுக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று
அட்டையில் இரண்டு மொழியிலும் எழுதித் தொங்கவிட்டேன்.
கொழிஞ்சாம்பாறை சுனீஷ் வாசித்துவிட்டு
கையிலிருந்த பழம்பொரியைத் தானே தின்றான்.
'அப்போ சஸ்பென்ஷன்தான், சேச்சி.'
ஏட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்,
கடைசித் துணுக்கு வரை.

இருபத்திரண்டாம் நாள்
துண்டு என் கையில் தொய்ந்தது.
எத்தனை தூரமாகத் தொய்ந்திருந்ததோ.
அவன் நடந்துகொண்டிருந்தான்.
நான் துண்டைப் பிடித்துக்கொண்டு
கூடவே போய்க்கொண்டிருந்தேன்.

தென்மேற்கு மழை இறங்கி
வண்டி வராத ஒரு மத்தியானம்
தானாகவே மேடை மேல் ஏறினான்.
தத்தி, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி தத்தி.
நடுவில் போய்ப் படுத்தான், பழைய இடத்தில்.
உள்ளே சிவப்பு எழுத்தில் இருபது.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் மெஷின்.
போன வருஷமும் அவன் இருபதுதான்.
அவன் எழுந்துபோக மறுத்த நாட்களில்
தேங்காய்க் கணக்கில் இருபதைக் கழித்திருக்கிறேன்.
ஒரு கால் குறைந்ததை
மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும்.
இப்போதெல்லாம் நடந்து பின்னால் போய்,
குனிந்து, நாலு டயரையும் பார்த்துவிட்டுத்தான்
கை காட்டுகிறேன்.
அவனும் வருகிறான் பார்வையிட.
டயருக்கு டயர் காலைத் தூக்கும் வேலை மிச்சம்,
எப்போதும் தூக்கியே இருக்கிறது என்கிறான் ஆறுச்சாமி.
சிரித்தேன். அதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இடது காதில் மட்டும் அரிப்பு வந்துவிட்டால்
துண்டுத் தொடை கடகடவென்று ஆடும்,
எட்டாத காதைக் காற்றில் சொறிந்துகொண்டு.
அந்தக் காது என் டூட்டி.
ஜன்னலில் சீட்டு, சீட்டு என்று தட்டுகிறார்கள்.
ஓல்டான்.
இன்னும் கொஞ்சம் கீழே என்று
தலையைச் சாய்க்கிறான்.